வரவு மட்டும் எழுதிய பேரேடு

என்னைவிடப் பத்து வயது மூத்த நண்பர். நெல்லைப் பக்கத்துக்காரர். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகாமல் இருந்ததில்லை. (அவர் ஊரில் சர்ச்சுக்கும் கோயில் என்றுதான் பேர்.) ஒருநாள் டீக்கடைக்குக் கூட்டிப்போய், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சொன்னார்.

‘‘எம்மவன் ஒரு விஷயம் சொன்னான் தம்பி. அவனுக்குப் பொம்பளப் பிள்ளைங்க மேல நாட்டமே கிடையாதாம். ஆம்பளைங்க மேலதானாம்.’’

கொஞ்ச நேரம் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார். ‘‘சபையில ஒருத்தர், ஜெபத்துல மாத்திடலாம்ங்கார்.’’

எனக்கு இதில் ஆலோசனை சொல்லத் தெரியாது. நான் படித்தது பி.காம். தெரிந்ததைச் செய்தேன். ஒரு படத்தின் பேரை எழுதிக் கொடுத்தேன்: ‘ப்ரே அவே’. 2021-ல் நெட்ஃப்ளிக்ஸில் வந்த அமெரிக்க ஆவணப்படம். இயக்கியவர் கிறிஸ்டீன் ஸ்டோலாகிஸ். கொடுத்த கையோடு நானும் மறுபடி பார்த்தேன்.

அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கம் 1973-ல் தன்பாலின ஈர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்தது. மூன்றே வருடத்தில், 1976-ல், ‘எக்ஸோடஸ்’ என்ற கிறிஸ்தவ அமைப்பு ஆரம்பமாகிறது. எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து வெளியேறிய கதையைச் சொல்லும் யாத்திராகமத்தின் பேர். ‘மாற்றம் சாத்தியம்’ என்பது கோஷம். தொடங்கியவர்களில் ஒருவரான மைக்கேல் பஸ்ஸி, 1979-ல் அங்கேயே உடன் ஊழியம் செய்த இன்னோர் ஆணைக் காதலித்து வெளியேறிவிட்டார். ப்ரமோட்டரே பங்கை விற்றுவிட்டு ஓடின மாதிரி! ஆனாலும் கம்பெனி 37 வருடம் நடந்தது. எப்படி?

சாட்சிகளால்.

பள்ளி நாட்களில் கிறிஸ்தவத் தோழனோடு கன்வென்ஷன் கூட்டங்களுக்குப் போயிருக்கிறேன். பிரசங்கத்துக்கு முன்னால் சாட்சி சொல்வார்கள். ‘குடித்தேன், விழுந்தேன், கர்த்தர் தொட்டார், எழுந்தேன்.’ கேட்கிற நமக்கே சிலிர்க்கும். அதில் ஒரு நிபந்தனை உண்டு. கதை முடிந்திருக்க வேண்டும். ‘இன்னும் விழுந்துகொண்டிருக்கிறேன்’ என்று யாரும் மைக்கைப் பிடிப்பதில்லை.

எக்ஸோடஸின் பேரேடு இப்படி வரவை மட்டும் எழுதிய பேரேடு. அதன் பெரிய வரவு ஜான் பால்க். முன்பு பெண்ணாக வேடமிட்டு மேடை ஏறியவர். பிறகு திருமணம், பிள்ளைகள். 1998-ல் மனைவியோடு ‘நியூஸ்வீக்’ அட்டையில் வந்தார். 2000-ல் வாஷிங்டனில் தன்பாலின ஈர்ப்பாளர்கள் கூடும் ஒரு பாரில் போட்டோவோடு பிடிபட்டார். ‘பாத்ரூம் போக நுழைந்தேன்’ என்றார் அப்போது. 2013-ல் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்.

கடைசியில் ஆடிட் செய்தவர் அமைப்பின் தலைவர் ஆலன் சேம்பர்ஸ். தான் சந்தித்தவர்களில் 99.9 சதவிகிதம் பேருக்கு ஈர்ப்பு மாறவே இல்லை என்று 2012-ல் சொன்னார். 2013 ஜூனில் மன்னிப்புக் கேட்டு, கடையை மூடினார்கள்.

படத்தின் பெரிய பலம், இதில் வில்லனே கிடையாது என்பது. ஏமாற்றியவர்கள் எல்லோரும் முதலில் தாங்களே ஏமாந்தவர்கள். கடவுளை நேசித்தார்கள், தங்களை வெறுக்கக் கற்றுக்கொண்டார்கள், அதைப் பிறருக்கும் கற்றுக்கொடுத்தார்கள். ஜூலி ராட்ஜர்ஸ் வரும் பகுதியை என்னால் சும்மா உட்கார்ந்து பார்க்க முடியவில்லை. பதின்வயதில் அம்மாவிடம் உண்மையைச் சொன்ன பெண். அம்மா அவளைக் கூட்டிப்போனது ‘மாற்றும்’ ஊழியத்துக்கு. பின்னாளில், தனக்கு நேர்ந்த பாலியல் வன்முறையைக்கூட மேடையில் சாட்சியாகச் சொல்லவேண்டி வந்தது. ஒரு பெண்ணின் காயம், கூட்டத்துக்கு உபயோகமான சரக்காகிவிட்டது. சாட்சி என்ற பழக்கத்தின் மேல் இதைவிடக் கடுமையான விமரிசனம் இருக்க முடியாது.

சரி, குறை?

படமும் கடைசியில் ஒரு சாட்சிக்கூட்டம் ஆகிவிடுகிறது. ‘அமைப்பில் விழுந்தேன், வெளியே வந்தேன், எழுந்தேன்.’ ஜூலிக்கு வாஷிங்டன் நேஷனல் கதீட்ரலில் இன்னொரு பெண்ணோடு திருமணம் நடக்கிறது. அழகான காட்சி. ஆனால் அங்கே போய்ச் சேர்ந்த வழி? எக்ஸோடஸ் மூடியபின், இப்படி ஈர்ப்பு உண்டு என்று வெளிப்படையாகச் சொல்லி, துறவு காக்கும் கிறிஸ்தவராகவும் சில காலம் இருந்தவர் அவர். 2014-ல் வீட்டன் கல்லூரியில் மாணவர்களுக்கான ஆன்மிகப் பணியில் சேர்ந்து, 2015-ல் விலகினார். மனசுக்குள் பெரிய விவாதமே நடந்திருக்கும். படம் அதற்குக் கொடுக்கிற இடம் போதாது.

அமெரிக்கக் கிறிஸ்தவர்களுக்குள் அந்த விவாதம் நிஜமாகவே நடக்கிறது. வெஸ்லி ஹில் என்ற புதிய ஏற்பாட்டு அறிஞர், தனக்கு ஆண்கள்மேல்தான் ஈர்ப்பு என்று ஒப்புக்கொண்டு, பழைய போதனையை ஏற்று, தனியாக வாழ்வதைப் பற்றி 2010-ல் ‘வாஷ்ட் அண்ட் வெயிட்டிங்’ எழுதினார். மாத்யூ வைன்ஸ் 2014-ல் ‘காட் அண்ட் தி கே கிறிஸ்டியன்’ எழுதி, வேதாகமத்தின் அந்தச் சில வசனங்கள் இன்றைய காதலைப் பேசவில்லை என்று வாதாடினார். முடிவுகள் எதிரெதிர். ஆனால் இருவருமே வேதத்தைக் கீழே வைக்கவில்லை. இருவருமே ‘மாறிவிட்டேன்’ என்று பொய்க்கணக்கு எழுதவில்லை. இப்படிப்பட்டவர்களைப் படத்தில் தேடினால் கிடைப்பதில்லை.

பத்து நாள் கழித்து நண்பர் வந்தார்.

‘‘பார்த்தேன் தம்பி. அந்தப் பிள்ளையைப் பார்த்து அழுதுட்டேன். மாத்தறேன்னவர்ட்ட வேண்டாம்னுட்டேன். ஆனா ஒண்ணு கேக்கணும். நான் ஜெபம் பண்றத நிறுத்திரணுமா?’’

மருத்துவத்தால் ‘மாற்றுகிறேன்’ என்று கிளம்புவதற்கு 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டுவிட்டது. ஒரு அப்பா முழங்காலில் நிற்பதற்கு யார் தடை போட முடியும்? என்ன ஜெபிக்கக் கூடாது என்று படம் தெளிவாகச் சொல்கிறது. என்ன ஜெபிக்கலாம் என்பதுதான் இவர் கேள்வி. 101 நிமிடப் படத்தில் அதற்கு ஒரு நிமிடம்கூட இல்லையே என்று அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது.

அந்த இரண்டு புத்தகங்களையும் வாங்கிக் கொடுத்தேன். புரட்டிப் பார்த்தார்.

‘‘ரெண்டும் வேற வேறல்லா சொல்லுது?’’

‘‘ஆமாண்ணே.’’

‘‘அப்போ மொதல்ல அவன்ட்ட குடுக்கேன். அவன் சொல்லட்டும். அன்னைக்கு அவன் பேச ஆரம்பிச்சப்போ பாதியிலயே எந்திச்சுப் போயிட்டேன் தம்பி.’’

புத்தகப் பையை வண்டி ஹாண்டில்பாரில் மாட்டிக்கொண்டு கிளம்பினார்.