ஒரு குரலும் பல குரலும்: சேக்கர் பாடல்களின் புத்தமைப்பு

பழைய இசையைப் புதிய மன்றத்திற்குக் கொணர்வோர் அதனைக் காக்கின்றனரா, மாற்றுகின்றனரா என்னும் வினா இசைத் திறனாய்வில் என்றும் எழுவதாகும். அமெரிக்க இசையாசிரியர் கெவின் சீக்பிரீட், சேக்கர் சமயத்தாரின் பாடல்களைப் பாடகர் குழுக்களுக்கென அமைத்துள்ளமை இவ்வினாவை ஆராய்தற்கு ஏற்ற எடுத்துக்காட்டாகும்.

அன்னை ஆன் லீயின் தலைமையில் 1774 ஆம் ஆண்டு இங்கிலாந்தினின்றும் அமெரிக்கா சென்ற சிறு குழுவினரே அந்நாட்டுச் சேக்கர்களுக்கு முதல்வராவர். மணவாழ்வைத் துறந்து, உடைமைகளைப் பொதுவாக்கி வாழ்ந்த அவர்கட்குப் பாடலும் ஆடலுமே வழிபாடாயின. அவர்கள் பல்லாயிரம் பாடல்களை இயற்றினர். பலவற்றை ஆங்கில எழுத்துக்களையே சுரக்குறிகளாகக் கொண்டு எழுதி வைத்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை அவ்வழிபாட்டிற் பெரும்பாலும் பக்கவாத்தியமும் இல்லை, பல்குரல் ஒத்திசையும் இல்லை. ஆடவரும் மகளிரும் ஒரே மெட்டை ஒருங்கே பாடினர். தன்முனைப்பை அடக்குதல் வேண்டும் என்னும் அவர்தம் கொள்கைக்கு அவ்வொருமை பெரிதும் இயைந்ததாகும்.

யோசேப்பு பிராக்கெற் 1848 இல் மேய்ன் மாநிலத்தில் இயற்றிய 'சிம்பிள் கிவ்ற்ஸ்' என்னும் பாடல், 1944 இல் ஆரன் கோப்லன்டின் 'அப்பலேச்சியன் ஸ்பிரிங்' என்னும் நடன இசையில் இடம்பெற்றபின் உலகறிந்ததாயிற்று. ஆயின், அங்கு மெட்டு மட்டுமே நின்றது. பாடலின் சொற்கள் மறைந்தன. வாத்தியங்களின் வண்ணவேறுபாடுகள் மேலோங்கின.

சீக்பிரீட் அப்பாடல்களை மீண்டும் மனிதக் குரலுக்கே உரியவாக்குகின்றார். 'என்னைத் தாழ்த்துக' எனப் பொருள்படும் 'லே மீ லோ' முதலிய பாடல்களில் அவர் மெட்டைச் சிதைக்காது காத்து, ஏனைக் குரல்களைச் சிக்கனமாகவே சேர்க்கின்றார். தாழ்மையை வேண்டும் பாடலுக்கு ஆரவாரமான ஒத்திசை முரணாகும். அதனை உணர்ந்து அடங்கியமையே அவர்தம் சிறப்பு.

எனினும், ஒரு குறை எஞ்சுகின்றது. சேக்கர் வழிபாட்டிற் பாடலும் ஆடலும் வழிபடுவோர்க்கே உரியன. பாடல் அவையோர் பொருட்டுப் பிறந்ததன்று. இசையரங்கமோ சிலரைப் பாடுவோராகவும் பலரைக் கேட்போராகவும் பிரித்துவிடுகின்றது. ஒத்திசை எத்துணை எளியதாயினும் இப்பிரிவை நீக்கவியலாது.

ஆயின், இக்குறை கருதி அவ்வமைப்புக்களைத் தள்ளுதலும் தகாது. மேய்ன் மாநிலத்துச் சபத்டே லேக்கில் இன்று சேக்கர்களாக எஞ்சியிருப்போர் மிகச் சிலரே. அவர்க்குப் பின் அப்பாடல்கள் ஏட்டில் உறங்குதலினும், அச்சமயத்தார் அல்லாதார் நாவிலேனும் வாழ்தல் நன்று. ஆகவே, இவ்வமைப்புக்களின் பயனைக் கேட்போரின் மகிழ்ச்சியைக் கொண்டு அளத்தல் போதாது; பாடுவோர் தம்முள் எய்தும் அடக்கத்தைக் கொண்டும் அளத்தல் வேண்டும். பாடகர் குழுவினர் மெட்டை முதலில் ஒரே குரலாகப் பாடிப் பழகி, அதன் பின்னரே பல குரலாகப் பிரிவாராயின், அப்பாடல்களின் உயிர் ஓரளவேனும் அவர்க்குப் புலனாகும்.