மறை வெளிப்படலும் சொற்றேர்வும் – ஊவாத் தோட்டங்களை முன்வைத்து ஒரு நோக்கு

ஆங்கிலத்து ‘டைவல்ஜ்’ என்னும் வினைக்கு ‘வெளிப்படுத்து’, ‘வெளியிடு’ எனப் பொருள் தந்து அமைதலே நம் அகராதிகளின் வழக்கம். இஃது அமையாது என்பது எமது துணிபு. நூலும் வெளியிடப்படும், வர்த்தமானியும் வெளியிடப்படும். அவ்வினையோ மறைபொருளையே செயப்படுபொருளாகக் கொள்வது. எதிர்மறைச் சூழலிற் பயில்வது. பெயரைச் சொல்ல மறுத்தார் என்னுமிடத்தே அது பெரிதும் வரக் காண்கிறோம். அதன் இலத்தீன் மூலத்துள் ‘வல்கஸ்’, அஃதாவது பொதுமக்கட் கூட்டம், அடங்கியுள்ளது. ‘ரிவீல்’ என்பதோ திரை நீக்கலைக் குறித்தெழுந்தது. ஒன்று பொருளை நோக்க, மற்றையது கேட்போரை நோக்குகின்றது. பலர் கூடும் வெளியாகிய அம்பலத்தை உட்கொண்ட நமது ‘அம்பலப்படுத்து’ இதற்கு எத்துணை நெருங்கியது! ஆயினும் அதில் இன்று பழிக்குறிப்பு ஏறிவிட்டது.

நம் அகமரபு இத்துறையில் வறுமையுற்றதன்று. அம்பல், அலர் என இரண்டினைத் தொல்காப்பியக் களவியல் கூறும். இறையனார் களவியலுரை முன்னதை முகிழ்த்த நிலையாகவும், பின்னதை இன்னாரோடு இன்னார் என விளங்கச் சொல்லும் நிலையாகவும் பிரித்துணர்த்தும். இவையிரண்டும் ஊராரின் வினை. அறத்தொடு நிற்றலோ மறையை அறிந்தவரே உரியவர்க்கு உரைப்பது. தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும் எனப் படிமுறையில் அமைவது. கேட்ட மறையைப் பரப்பும் கயவரை அறைபறைக்கு ஒப்பிட்ட வள்ளுவரும் தோழியின் செயலை அவ்வாறு பழியார். செயல் ஒன்றே, யாருக்கு, யார் நலங்கருதி என்பதே சொல்லை வேறாக்குகின்றது.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. பதுளை, பசறை, அப்புத்தளைப் பகுதிகளின் லயங்களில் இதற்கு வழங்கும் சொற்களைக் கருதுக. துரைக்கோ கங்காணிக்கோ ஒருவர் செய்தி கொண்டுசென்றால் ‘கோள் சொன்னான்’ என்பர். அதனால் மற்றொருவர்க்குத் தீங்கு நேரின் ‘காட்டிக் கொடுத்தான்’ என்பர். பின்னதன் செயப்படுபொருள் செய்தியன்று, ஆள் என்பது ஈண்டு நோக்கற்பாலது. பெயர்ப் பதிவும் கடன் கணக்கும் மேலிடத்தார் கையில் இருந்த வாழ்வில், செய்தியின் வெளிப்பாடு ஆளின் வீழ்ச்சியாயிற்று. தொழிலாளியின் கடனைப் பொறித்த ‘துண்டு’ முறைமை 1921இல் சட்டத்தால் நீக்கப்பட்ட பின்னரும், அவ்வச்சம் உடன் நீங்கிற்றென எவரும் கொள்ளார்.

ஆயின் கீழிருந்து மேலிடத்தாரின் மறைகளை வெளிக்கொணர்ந்தவர்க்கு என்ன பெயர்? அந்நியர் உட்புகத் தடையிருந்த தோட்டங்களுள் கோ. நடேசையர் புடைவை வணிகரைப் போலச் சென்று நிலைமையைக் கண்டறிந்தார் என்பர். 1920களில் ‘தேசநேசன்’, ‘தேசபக்தன்’ ஆகிய ஏடுகளில் தொழிலாளர் நிலையை எழுதினார். தோட்ட நிருவாகத்தின் பார்வையில் இது குற்றம். லயத்தார்க்கோ அறத்தொடு நிற்றல். 1940இல் பதுளையை அடுத்த வேவெஸ்ஸ தோட்டத்தில் வேலைநிறுத்தம் எழுந்தபோது, வாய்திறவாமையும் போராட்டத்தின் ஓருறுப்பாயிருந்திருக்கும் என ஊகிப்பது தவறாகாது. மறுபுறம் நின்றார்க்குத் தொழிற்சங்க உலகம் ‘கருங்காலி’ என்னும் பெயரைத் தந்தது. (ஆங்கிலத்துக் ‘கறுப்புக்கால்’ என்னும் வழக்கின் நிழல் இதிற் படிந்துள்ளது எனக் கருத இடமுண்டு, கோடரிக் காம்பான மரத்தை நினைப்பாரும் உளர்.)

எனவே மொழிபெயர்ப்பாளர் ஒரு சொல்லை எடுக்குமுன் ஒரு பக்கத்தை எடுத்தவராகின்றார். ஒரு கொழுந்து பறிக்கும் பெண், நிறுவையில் நேரும் குறையைத் தொழில் அதிகாரியிடம் உரைக்கின்றாள் எனக் கொள்வோம். அறிக்கையைத் தமிழாக்குவோர் ‘இரகசியங்களைக் கசியவிட்டாள்’ என்று எழுதின் அவள் குற்றவாளி. ‘தெரிவித்தாள்’ என்று எழுதின் சாட்சி. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்குப் பின்னர் இத்தகைய ஆவணங்கள் தமிழிற் பெருகவேண்டிய நிலையில், அகராதிகள் ‘டைவல்ஜ்’ என்பதற்கு நேராக ஒரு சொல்லை மட்டும் நிறுத்துதல் தகாது. ‘மறைவெளியிடு’ என்பதைப் பொதுச்சொல்லாகத் தந்து, கோள் சொல்லல், காட்டிக்கொடுத்தல், அறத்தொடு நிற்றல் ஆகியவற்றை அவற்றின் சூழலோடு கீழே தருதல் வேண்டும். லயத்து வழக்குகளைக் கொச்சை எனத் தள்ளிவிடாது உரிய இடத்திற் சேர்த்தலும் அப்பணியின் பாற்படும்.