கலி நீங்கிய கணக்கு

மதுரை கே.கே. நகரில் மாதந்தோறும் கூடும் நம் சிறு வாசகர் வட்டத்தில் இம்முறை நளவெண்பா பேசப்பட்டது. நளன் ஏன் தோற்றான் என்ற வினாவுக்கு அனைவரும் ஒரே விடையையே தந்தனர்: கலி பிடித்ததால் தோற்றான். தருமன் ஏன் தோற்றான்? சகுனி வஞ்சித்ததால். புகழேந்தியும் வில்லிபுத்தூராரும் பாரதியும் நம்மை அவ்வாறே எண்ணப் பழக்கியுள்ளனர். கவிச்சுவைக்கு அது போதும். எனினும் அவ்விடைக்குள் ஒரு பிழையான எண்ணம் மறைந்து நிற்பதாக நமக்குத் தோன்றுகிறது. கலியும் சகுனியும் குறுக்கிடாவிட்டால் சூதாடி பிழைத்துக்கொள்வான் என்பதே அது.

வஞ்சனையே இல்லாத ஓர் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். கோவாவில் மாண்டவி ஆற்றில் மிதக்கும் சூதாட்டக் கப்பல்களைப் பற்றி நம் வாசகர்கள் கேள்விப்பட்டிருப்பர். இத்தகைய கூடங்களில் புகழ்பெற்ற ஆட்டம் ரூலெட் எனும் சுழல்வட்டு. அதன் ஐரோப்பிய வகையில் 37 குழிகள் உண்டு. சிவப்பு 18, கருப்பு 18, பூச்சியம் ஒன்று. சிவப்பின் மீது 100 ரூபாய் கட்டி வென்றால் மேலும் 100 ரூபாய் கிடைக்கும். ஆனால் வெல்லும் வாய்ப்போ 37க்கு 18 மட்டுமே. அந்த ஒற்றைப் பூச்சியத்தில்தான் கூடத்துக்காரரின் வருமானம் அடங்கியுள்ளது. கட்டும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் சராசரியாக 2 ரூபாய் 70 காசு அவருடையது. இதற்குச் சகுனி தேவையில்லை.

இந்தக் கழிவு இவ்வளவு சிறியதாயிருப்பதே ஆபத்து. 100 பேர் ஆளுக்கு 100 முறை சிவப்பில் கட்டினால், ஏறத்தாழ 35 பேர் இலாபத்தோடு வீடு திரும்புவர். அவர்கள் சொல்வது பொய்யன்று. பணம் கையில் இருக்கிறது. ஆனால் 10,000 முறை கட்டியவர்களை எண்ணிப் பார்த்தால், ஆயிரம் பேருக்கு மூவரோ நால்வரோதான் இலாபத்தில் இருப்பர். தோற்றவருக்கு அடுத்த சுற்று ஈடுசெய்யும் என்பதும் மயக்கமே. வட்டுக்கு முந்தைய சுற்றின் நினைவு கிடையாது.

இவ்விடத்தில் வள்ளுவரின் கூர்மை வியக்கத்தக்கது. சூது அதிகாரத்தின் முதற்குறள் தோல்வியைப் பேசவில்லை, வெற்றியைப் பேசுகிறது. வென்ற பொருளையே மீன் விழுங்கிய தூண்டில் முள்ளாகக் காண்கிறது. திருமறையும் சூதில் மக்களுக்குச் சில பயன்கள் உண்டு என்பதை மறுக்கவில்லை. அதன் பாவம் பயனைவிடப் பெரிது என்றே அல்பகரா அத்தியாயத்தில் உரைக்கிறது.

1968இல் தமிழக அரசே பரிசுச்சீட்டு நடத்தத் தொடங்கியது. 2003இல் சீட்டு விற்பனை தடை செய்யப்பட்டது. பரிசு விழுந்தவரின் படம் நாளேட்டில் வரும். விழாதவர் படத்தை யார் போடுவார்? பின்னர் சூது கைபேசிக்குள் புகுந்தது. பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டமியற்றித் தடுத்தது. ஆயினும் சட்டம் ஆட்டத்தைத் தடுக்குமேயன்றி, ஒருமுறை வென்றவனின் நினைவைத் தடுக்காது. அத்தகைய பிள்ளையிடம் ‘எல்லாம் மோசடி’ என்று வாப்பா சொன்னால் அவன் நம்பமாட்டான். வென்றதைத் தன் கண்ணால் கண்டவன் அவன். ‘நேரம் சரியில்லை’ என்று உம்மா சொன்னாலோ, நல்ல நேரத்துக்குக் காத்திருப்பான்.

நளவெண்பாவிலேயே இதற்கு மாற்று உண்டு என்பதைத் திறனாய்வாளர் பலர் விரைந்து கடந்துவிடுகின்றனர். நளன் தேர்ப்பாகனாய் ஓட்டிச் செல்லும் வழியில், இருதுபன்னன் ஒரு தான்றி மரத்தின் காய்களை எண்ணாமலே எண்ணிச் சொல்கிறான். அக்கலையை நளன் கேட்டுப் பெறுகிறான். கலி அவனை விட்டு நீங்குகிறது. பழங்காலத்தில் தான்றிக் காயே சூதாடு கருவி என்பதை நினைத்தால் இக்காட்சியின் ஆழம் புலப்படும். கலியை ஓட்டியது மந்திரமோ வாளோ அன்று, எண்ணும் அறிவு. புகழேந்தி இங்கே இன்னும் சற்று நின்றிருக்கலாம் என்பது நம் குறை.

கதையின் முடிவை மட்டும் ஏற்கத் தயங்குகிறோம். எண் கற்ற நளன் மீண்டும் ஆடி நாட்டை மீட்கிறான். புட்கரனோடு ஒருவருக்கொருவர் ஆடும் ஆட்டத்தில் அது கூடும். பூச்சியம் பதித்த வட்டின் முன் இருதுபன்னனே வந்து அமர்ந்தாலும், நூற்றுக்கு 2 ரூபாய் 70 காசு போய்க்கொண்டேதான் இருக்கும்.