நெட்டே இல்லாமல் பறக்குது!

போனிலிருந்து போனுக்கு வீடியோ அனுப்ப எந்த ஆப் நல்லது என்று யாராவது என்னிடம் வாய்தவறிக் கேட்டுவிட்டால், அவர்கள் லேசில் தப்ப முடியாது. கையில் இருக்கும் போனை வாங்கி, லோக்கல்சென்டை ஏற்றி, ஒரு படத்தை அனுப்பிக் காட்டிவிட்டுத்தான் திருப்பித் தருவேன். வீட்டில் இதை ஒரு வியாதி என்கிறார்கள். இருந்துவிட்டுப் போகட்டும்.

அப்படி என்ன விசேஷம் என்கிறீர்களா? ஆண்ட்ராய்டு, ஐபோன், விண்டோஸ், மேக், லினக்ஸ் என்று எதில் வேண்டுமானாலும் ஓடும். காசு கிடையாது. விளம்பரம் கிடையாது. அக்கவுண்ட், போன் நம்பர், ஓடிபி எதுவும் கேட்காது. எல்லாவற்றுக்கும் மேலே, இன்டர்நெட்டே வேண்டாம்! இரண்டு பேரும் ஒரே வைஃபையில் இருந்தால் போதும். ஃபைல் இந்த போனிலிருந்து கிளம்பி நேரே அந்த போனில் போய் உட்காருகிறது. நடுவில் எந்தக் கம்பெனியின் சர்வரும் இல்லை. போகிற வழியில் யாரும் எட்டிப் பார்க்காதபடி பூட்டித்தான் அனுப்புகிறது. இதன் நிரலை யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். டியென் டோ நாம் என்பவர் தொடங்கி வைத்தது, இன்று பலர் கைபட்டு வளர்கிறது. இப்படி ஒன்றைச் சும்மா தருகிறார்களே, அவர்கள் இருக்கும் திசைக்கு ஒரு கும்பிடு போடத் தோன்றுகிறது.

2020 ஜூன் 29-ஆம் தேதி 59 சீன ஆப்களுக்கு மத்திய அரசு தடை போட்டதே, ஞாபகம் இருக்கிறதா? எல்லோரும் டிக்டாக் போச்சே என்று புலம்பினார்கள். அதே பட்டியலில் ஷேர்இட்டும் இருந்தது, சென்டரும் இருந்தது. கல்லூரி ஹாஸ்டல்களில் முழுப் படங்களைக் கைமாற்றிய ஆப்கள் அவை. போனது ஒருவகையில் நல்லதுதான். கடைசிக் காலத்தில் ஷேர்இட்டைத் திறந்தால் அனுப்பும் பட்டனைத் தேடுவதற்குள் விளம்பரங்கள் வந்து கண்ணை மறைக்கும். ஆனால் அந்த இடம் காலியாகவே கிடந்தது. ஜனங்கள் எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் தள்ள ஆரம்பித்தார்கள். அது படத்தைப் பிழிந்து சக்கையாக்கித் தரும். டாக்குமென்ட்டாக அனுப்பினால் தரம் குறையாது, நிஜம்தான். ஆனால் 2 ஜிபிக்கு மேல் போகாது, நெட்டும் வேண்டும்.

இந்த இரண்டு தடையும் ஒன்றாக வந்து நின்றது எங்கள் குலதெய்வக் கோயில் கொடையில்தான். தேரிக்காட்டுப் பக்கம், டவர் ஒரு கோடு வந்தால் அதிர்ஷ்டம். என் மச்சான் தன் ஐபோனில் வில்லுப்பாட்டை 4கே தரத்தில் இருபது நிமிடம் எடுத்து வைத்திருந்தார். அந்தத் தரத்தில் நிமிடத்துக்குச் சுமார் 170 எம்பி பிடிக்கும். மொத்தம் கிட்டத்தட்ட மூன்றரை ஜிபி. என்னுடையது ஆண்ட்ராய்டு.

"ஊருக்குப் போயி பென்டிரைவ்ல போட்டுத் தாரேன் மாப்ள" என்றார்.

நான் என் போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு ஹாட்ஸ்பாட்டை மட்டும் போட்டேன். மச்சான் போன் அதில் சேர்ந்தது. இன்டர்நெட் இல்லையே என்று அது முனகியதை நாங்கள் கண்டுகொள்ளவில்லை. இரண்டிலும் லோக்கல்சென்டைத் திறந்தோம். என் போனின் பெயர் அவர் திரையில் வந்தது, தொட்டார். என் பக்கம் 'ஏற்கவா?' என்று கேட்டது, ஏற்றுக்கொண்டேன். பச்சைப் பனைமட்டையில் தீ ஏறுகிற மாதிரிதான் ப்ளூடூத்தில் ஃபைல் போகும், மணிக்கணக்கில். இது என்னடா என்றால் சதவீதம் கண்ணெதிரே ஓடுகிறது! பந்தியில் எங்கள் முறை வருவதற்குள் வில்லுப்பாட்டு முழுசாக என் போனில். ஒரு புள்ளி தரம் குறையவில்லை. வில்லில் கட்டிய மணி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகிறது.

"ஏ மாப்ள, காசு எதுவும் புடிச்சிருக்கப் போவுது, பாத்துக்கோ" என்றார் மச்சான், இன்னமும் நம்பாமல்.

இந்த ஆப் வைக்கும் பெயர்களைச் சொல்லாமல் விட்டால் பாவம். நாமாக மாற்றும்வரை ஒவ்வொரு கருவிக்கும் ஒரு குணம், ஒரு பழம் அல்லது காய் என்று சேர்த்து அதுவே பெயர் வைத்துவிடும். எங்கள் சித்தி போன் 'ஸ்மார்ட் பொட்டேட்டோ' ஆகிவிட்டது. பேரப்பிள்ளைகள் இன்றைக்கும் அதைச் சொல்லித்தான் அவரைக் கூப்பிடுகிறார்கள். பெயருக்குக் கீழே # போட்டு ஒரு எண் இருக்கும். எதிரே இருக்கும் போன் பட்டியலில் வராமல் அடம்பிடித்தால், அந்த எண்ணை அடித்தே பிடித்துவிடலாம். இந்தச் சின்ன வசதி பலருக்குத் தெரியாது.

குறை இல்லையா? உண்டு. ஃபைல் போய் முடிகிறவரை ஐபோன்காரர் ஆப்பைத் திறந்தே வைத்திருக்க வேண்டும், திரை அணைந்தால் நின்றுவிடும். விண்டோஸ் லேப்டாப்பில் ஃபயர்வால் மறித்தால் 53317 என்ற போர்ட்டுக்கு வழி விடச் சொல்ல வேண்டும். லாட்ஜ் வைஃபைகளில் பெரும்பாலும் ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்கவே விடமாட்டார்கள். அங்கே நம் ஹாட்ஸ்பாட்தான் கதி. ஹாட்ஸ்பாட்டில் 5 கிகாஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுங்கள், வேகம் வேறு மாதிரி இருக்கும்.

வீட்டில் எல்லாமே ஆண்ட்ராய்டு என்றால் போனோடு வருகிற குவிக் ஷேரே போதும்; கூகுளின் நியர்பை ஷேரும் சாம்சங்கின் குவிக் ஷேரும் 2024 ஜனவரியில் ஒன்றாகிவிட்டன. எல்லாம் ஆப்பிள் என்றால் ஏர்டிராப். 2025 நவம்பரில் பிக்சல் 10-இலிருந்து ஏர்டிராப்புக்கே அனுப்பலாம் என்றும் ஆக்கிவிட்டார்கள், மகிழ்ச்சி. ஆனால் எந்த வீட்டில் ஐயா எல்லாம் ஒரே ஜாதிக் கருவியாக இருக்கிறது? எங்கள் வீட்டில் மகளின் லேப்டாப்பில் லினக்ஸ், மனைவி கையில் ஐபோன், நடுவில் நான்.

படம், வீடியோ மட்டுமல்ல. வெறும் எழுத்தையும் அனுப்பலாம். போனில் வந்த நீளமான லிங்க்கை லேப்டாப்புக்குக் கொண்டுபோக நமக்கு நாமே மெயில் அனுப்பிக்கொள்ளும் கொடுமை என் வீட்டில் ஒழிந்தது. ஃபோல்டரை அப்படியே முழுசாக அனுப்பலாம்.

புது ஆப் எதையும் போனில் ஏற்றவே மாட்டேன் என்று சாதிக்கிற பெரியப்பா ஒருவர் எங்களுக்கு உண்டு. அவருக்கும் இதில் வழி இருக்கிறது. லிங்க் மூலம் பகிர் என்று கொடுத்தால் ஒரு முகவரி வரும். அதே வைஃபையில் இருந்துகொண்டு அவர் அதை குரோமில் திறந்து படங்களை இறக்கிக்கொள்ளலாம். இறக்கிக்கொண்டார். ஆப் மட்டும் இன்னும் ஏற்றவில்லை. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அவர் போனை வாங்கிவிடுவதாக இருக்கிறேன்.