'ஆர்டர் உறுதி செய்யப்பட்டது': யார் உறுதி செய்தது?

ஹோட்டல்களுக்கு இணையதளம் செய்து கொடுப்பவர்களின் விலைப்பட்டியலில் "பி.ஓ.எஸ். இன்டெக்ரேஷன் உண்டு" என்று ஒரு வரி தவறாமல் இருக்கும். வாடிக்கையாளர் போனில் அழுத்தும் ஆர்டர் நேராகக் கடையின் பில்லிங் மெஷினுக்குப் போய், கிச்சனில் கே.ஓ.டி. சீட்டாக அடித்து வந்துவிடும் என்பது அதன் பொருள். இப்படிப்பட்ட சில இணைப்புகளின் கோடையும் கையேடுகளையும் உட்கார்ந்து படித்தேன். எனக்கு இருக்கும் ஆட்சேபம் ஒன்றுதான். "ஆர்டர் உறுதி செய்யப்பட்டது" என்று பச்சை டிக்கோடு திரையில் வருகிறதே, அதைச் சொல்லும் உரிமை யாருக்கு என்று பெரும்பாலானவர்கள் யோசிப்பதே இல்லை.

கொஞ்சம் பழைய கதை. 1994 ஆகஸ்டில் பீட்சா ஹட், கலிஃபோர்னியாவின் சாண்டா குரூஸ் ஊரில் 'பீட்சாநெட்' என்ற சேவையை ஆரம்பித்தது. சாம்பல் நிறப் பக்கத்தில் பெயர், முகவரி, போன் நம்பர் கேட்கும் ஒரு படிவம், அவ்வளவுதான். ஆர்டர் கன்சாஸ் மாநிலத்தின் விச்சிட்டாவில் இருந்த மையக் கம்ப்யூட்டருக்குப் போய், அங்கிருந்து திரும்பவும் சாண்டா குரூஸ் கடைக்கு வரும். முதல் முறை ஆர்டர் செய்பவருக்குக் கடையிலிருந்து போன் போட்டுச் சரிபார்ப்பார்கள். இணையத்தில் ஆர்டர் வாங்கிவிட்டு எதற்கு போன் என்று இன்றைக்குச் சிரிக்கலாம். விளையாட்டுக்கு ஆர்டர் போடுகிறவர்களை வடிகட்டத்தான் அந்த ஏற்பாடு. ஆனால் அதில் இன்னொரு வேலையும் தானாக நடந்தது: கடையில் இருக்கும் ஒரு மனிதர் அந்தச் சீட்டைக் கண்ணால் பார்த்தார் என்பது வாடிக்கையாளருக்குத் தெரிந்துவிடும். நாம் அந்த போனை எடுத்துவிட்டோம். அது செய்த இந்த இரண்டாவது வேலையை யாரிடமும் ஒப்படைக்கவில்லை.

இப்போது நடப்பதைப் பாருங்கள். மலிவான இணைப்புகள் பில்லிங் சாஃப்ட்வேரைத் தொடுவதே இல்லை. கிச்சன் பிரின்டரின் 9100 போர்ட்டுக்கு எழுத்துக்களை அனுப்பிவிட்டு, அனுப்பிய கட்டளை பிழையில்லாமல் திரும்பினால் 'வெற்றி' என்று குறித்துக்கொள்கின்றன. அந்த வெற்றிக்கு அர்த்தம், எழுத்துக்கள் ஏதோ ஒரு பஃபர் வரை போயின என்பது மட்டுமே. பேப்பர் ரோல் தீர்ந்திருக்கலாம், மூடி சரியாக மூடாமல் இருக்கலாம். பிரின்டரிடமே கேட்க வழி இல்லாமல் இல்லை. எப்சனின் இ.எஸ்.சி./பி.ஓ.எஸ். கட்டளைத் தொகுப்பில் பேப்பர் இருக்கா, மூடி திறந்திருக்கா என்று விசாரிக்கும் கட்டளைகள் இருக்கின்றன. அதைக் கேட்டுவிட்டுப் பச்சை டிக் போட்டால் என்ன? சில வரிகள் கோட் கூடும். அதற்குச் சோம்பல்.

அடுத்தது நெட் விட்டு விட்டு வரும் கடைகள். இணையதளம் ஆர்டரை அனுப்புகிறது, பில்லிங் மெஷின் வாங்கிக்கொள்கிறது, "வாங்கிக்கொண்டேன்" என்ற பதில் வழியில் தொலைகிறது. அனுப்பியவருக்குத் தெரியாது, அதனால் மறுபடி அனுப்புகிறார். கிச்சனில் இரண்டு சீட்டு, இரண்டு மட்டன் பிரியாணி. இது புதுப் பிரச்சினை இல்லை. 1975-லேயே ஆய்வுக் கட்டுரையில் வந்து, பிறகு ஜிம் கிரே மூலம் 'இரண்டு தளபதிகள்' என்ற பெயரில் பிரபலமானது. செய்தி தொலையக்கூடிய பாதையில் இரு பக்கமும் ஒரே நேரத்தில் முழு நிச்சயம் அடைய முடியாது என்பது நிரூபணமான விஷயம். நடைமுறைக்கு ஒரு எளிய வைத்தியம் உண்டு: ஆர்டருக்கான தனி எண்ணை இணையதளமே கொடுக்க வேண்டும், அதே எண் திரும்ப வந்தால் பில்லிங் மெஷின் மறுபடி சீட்டு அடிக்காமல் பழைய பதிலையே தர வேண்டும். நான் படித்தவற்றில் சில, ஒவ்வொரு முயற்சிக்கும் புது எண் போடுகின்றன. வைத்தியத்தையே விஷமாக்கும் வேலை இது.

ஸ்டாக் விஷயத்தில் "பி.ஓ.எஸ்.தான் உண்மையின் ஒரே ஆதாரம்" என்று எழுதுகிறார்கள். சூப்பர் மார்க்கெட்டுக்கு இது ஓரளவு பொருந்தும், சோப்புக்குப் பார்கோடு இருக்கிறது. ஹோட்டலில்? அண்டாவில் எவ்வளவு மிச்சம் என்பது மாஸ்டர் கண்ணுக்குத்தான் தெரியும். பில்லிங் மெஷினுக்கே தெரியாத ஒன்றை அதனிடமிருந்து நொடிக்கொரு தடவை இழுத்து என்ன பயன்? கிச்சன் வாசலில் "தீர்ந்து போச்சு" என்று ஒரு பெரிய பட்டன் வைத்தால், அழுத்திய நொடியில் இணையதளத்திலும் கவுண்டரிலும் அந்த ஐட்டம் மறைய வேண்டும். நான் பார்த்த கையேடுகளில் இந்த வசதி கடைசிப் பக்கங்களில், நான்கு மெனு தாண்டி இருக்கிறது. மதியம் ஒன்றரை மணிக்கு எண்ணெய்க் கையோடு யார் நான்கு மெனு தாண்டுவது? (ஹோட்டலில் 'சர்வர்' என்றால் பரிமாறுகிறவர். கையேடு எழுதியவர்களுக்கு இன்னொரு சர்வரை மட்டும்தான் தெரிந்திருக்கிறது.)

வரியையும் சொல்லிவிடுகிறேன். 2022 ஜனவரி 1 முதல், டெலிவரி ஆப் வழியாக வரும் உணவக ஆர்டருக்கான ஜி.எஸ்.டி.யை அந்த ஆப் நிறுவனமே கட்ட வேண்டும். கடையின் சொந்த இணையதளத்தில் வருவதற்குக் கடைக்காரர்தான் கட்டுகிறார். ஆகவே எந்த வழியாக வந்த ஆர்டர் என்பதும் பில்லிங் மெஷினுக்குள் போயாக வேண்டும். எல்லாவற்றையும் 'ஆன்லைன்' என்ற ஒரே தலைப்பில் கொட்டும் இணைப்பு, மாதக் கடைசியில் கணக்குப்பிள்ளை தலையில் விழும்.

கவுண்டரில் ஒரு டேப்லெட் வைத்து, மணி அடித்ததும் கேஷியர் "ஏற்கிறேன்" என்று அழுத்தும் முறையைப் பழசு என்று கேலி செய்கிறார்கள். அதுதான் இருப்பதிலேயே நேர்மையானது என்பேன். கேஷியர் அதே ஆர்டரைப் பில்லிங் மெஷினில் மறுபடி டைப் அடிக்க வேண்டியிருப்பது மட்டும்தான் அதன் குறை. இணைப்பு நீக்க வேண்டியது அந்த டைப்பிங்கை. 'ஆட்டோ அக்செப்ட்' என்று போட்டு, கேஷியர் பார்த்துச் சம்மதிக்கும் அந்த ஒரு நொடியையும் சேர்த்தே நீக்கிவிடுகிறார்கள். பிரியாணி இல்லை என்றால் பணம் திரும்ப வர நாள் ஆகும், பசித்தவர் கவுண்டருக்கு வந்து கத்துவார். அங்கே நின்று பதில் சொல்லப் போவது கேஷியர், கோட் எழுதியவர் இல்லை.

கடைக்காரர் யாராவது இதைப் படித்தால், விற்க வருகிறவரிடம் டெமோவின்போது பிரின்டரின் பேப்பர் ரோலை எடுத்துவிட்டு ஒரு ஆர்டர் போடச் சொல்லுங்கள். திரையில் என்ன வருகிறது என்று பாருங்கள்.