ரமேஷ் தத்தரும் பரீட்சைக் கைடுகளும்

ஐ.ஏ.எஸ். பரீட்சைக்குப் படிக்கிறவர்களுக்காகப் போடப்படும் கைடுகளை இலக்கிய விமரிசனத்தில் யாரும் சேர்ப்பதில்லை. சேர்த்தால் என்ன? நாவலை வாசிக்கிறவர்களைவிடக் கருத்தாக வாசிக்கிற கூட்டம் அவற்றுக்கு இருக்கிறது. வரிக்கு வரி அடிக்கோடு போடுகிறார்கள். பக்கம் பக்கமாக மனப்பாடம் செய்கிறார்கள். எந்தக் கதாசிரியனுக்கு இந்தப் பாக்கியம் கிட்டியிருக்கிறது?

அப்படிப்பட்ட கைடுகள் சிலவற்றை வரிசையாக வைத்துக்கொண்டு படித்தேன். நவீன வரலாறு ஒரு பகுதி, பொருளாதாரம் ஒரு பகுதி. இரண்டிலும் ஒரே மனிதர் தலை காட்டுகிறார்: ரமேஷ் சந்திர தத்தர். வரலாற்றுப் பகுதியில் அவர் 1899-ல் லக்னோ காங்கிரஸின் தலைவர். பொருளாதாரப் பகுதியில் தாதாபாய் நௌரோஜிக்குப் பக்கத்தில், 'செல்வச் சுரண்டல் கோட்பாடு' என்ற தலைப்பின் கீழே ஒரு வரி. அத்தோடு மனிதர் தீர்ந்தார். 'பொருத்துக' என்ற கேள்வியில் இடது பக்கம் அவர் பெயர், வலது பக்கம் அவர் புத்தகம். சரியாகப் பொருத்தினால் மதிப்பெண். தவறினால் அதில் மூன்றில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்வார்கள்.

இந்தத் தத்தர் அதே மாதிரி ஒரு பரீட்சை எழுதியவர்தான் என்பதைச் சொல்லக் கைடுகளுக்கு இடமில்லை. 1868-ல் வீட்டாருக்குத் தெரியாமல் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். 1869-ல் ஐ.சி.எஸ். பரீட்சையில் மூன்றாவதாகத் தேறினார். 1871 முதல் 1897 வரை உத்தியோகம். நடுவே வங்காளியில் நாவல்கள் எழுதினார். அவற்றில் 'சன்ஸார்' என்பதைத் தாமே ஆங்கிலத்தில் ஆக்கி 1902-ல் வெளியிட்டார். அதே ஆண்டில்தான் இந்தியப் பொருளாதார வரலாற்றின் முதற்பாகமும் வந்தது. இரண்டாம் பாகம் 1904-ல்.

நான் கதை எழுதுகிறவன். பொருளாதாரத்தை முறையாகக் கற்றவன் அல்ல. ஆனால் அந்த முதற்பாகத்தில் வேலை செய்வது நாவலாசிரியனின் கை என்பது எனக்கு நிச்சயமாகத் தெரிகிறது. 1813-ல் பார்லிமெண்டுக் கமிட்டி சாட்சிகளைக் கூப்பிட்டு விசாரித்தது. இங்கிலாந்தின் சரக்குகளை இந்தியர்கள் வாங்குவார்களா, மாட்டார்களா என்பது கேள்வி. சாட்சிகளில் ஒருவர், பின்னால் சென்னைக்குக் கவர்னராக வந்த தாமஸ் மன்றோ. தாம் ஏழு வருஷமாகப் போர்த்திக்கொள்ளும் இந்தியச் சால்வை இன்னும் புதிது போல் இருக்கிறதென்றும், ஐரோப்பியச் சால்வையை இனாமாகக் கொடுத்தாலும் போர்த்த மாட்டோம் என்றும் அவர் சொன்னார். தத்தர் அந்தச் சாட்சியத்தை எடுத்து அப்படியே நம் முன் வைக்கிறார். இந்தியத் துணிக்கு இங்கிலாந்தில் எவ்வளவு கடுமையான சுங்கம் போட்டார்கள் என்பதையும் சொல்கிறார். நெசவாளி ஏன் ஏர் பிடிக்கப் போனான் என்பது நமக்கே விளங்கிவிடுகிறது. கைடில் இதற்குப் பெயர் 'தொழில் அழிவு'. நான்கு காரணங்கள், மூன்று விளைவுகள்.

'சுரண்டல்' என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. நௌரோஜியும் தத்தரும் சொன்னது வடிதல். சுரண்டுகிறவனைக் கண்ணால் பார்க்கலாம், வடிவது தெரியாது. இந்த வித்தியாசத்தில்தான் விஷயம் இருக்கிறது. 'இந்தியாவின் செல்வம் இங்கிலாந்துக்குச் சென்றது' என்று கைடு எழுதினால், பெட்டி பெட்டியாகத் தங்கத்தைக் கப்பலில் ஏற்றினார்கள் என்றுதான் படிக்கிற பையன் நினைப்பான். நடந்தது அதைவிட நாசூக்கானது. குடியானவன் நிலவரியை ரூபாயாகக் கட்டுகிறான். அது கஜானாவுக்குப் போகிறது. அவனே பருத்தியும் கோதுமையும் விற்கிறான். வாங்குகிற லண்டன் வியாபாரி அதற்குப் பணம் அனுப்ப வேண்டுமே? அவன் லண்டனில் இந்தியா மந்திரியின் ஆபீஸில் பவுனைக் கட்டி, 'கவுன்சில் பில்' என்ற உண்டியலை வாங்கி அனுப்புகிறான். உண்டியலை இங்கே கஜானாவில் நீட்டினால் ரூபாய் கிடைக்கும். எந்த ரூபாய்? குடியானவன் கட்டிய அதே வரிப்பணம்! பவுன் லண்டனைவிட்டு நகரவே இல்லை. பென்ஷனுக்கும், கடன் வட்டிக்கும், அந்த ஆபீஸின் செலவுக்கும் அங்கேயே தீர்ந்துபோனது. குடியானவனுடைய சரக்கை அவனுடைய பணத்தைக் கொடுத்தே வாங்கிக்கொண்டார்கள். இதில் ரயில்வேக்காக வாங்கிய கடனுக்கு வட்டியும் உண்டு, அதை வடிதல் என்று சொல்லலாமா என்று இன்றுவரை வாதம் நடக்கிறது. நடக்கட்டும். வாதம் இருக்கிறது என்பதாவது பையனுக்குத் தெரிய வேண்டாமா?

என்னை எழுதத் தூண்டியது இன்னொரு விஷயம். எந்தக் கைடைத் திறந்தாலும், 1793-ல் கார்ன்வாலிஸ் வங்காளத்தில் கொண்டுவந்த சாசுவத நிலவரித் திட்டம் தீயது, ஜமீன்தார்களை வளர்த்தது, உழுதவனைக் கெடுத்தது என்று இருக்கும். இரண்டு பக்கம் தள்ளி, ஏகாதிபத்தியத்தின் பொருளாதாரத்தை அம்பலப்படுத்திய தேசபக்தர் தத்தர் என்று இருக்கும். அந்தத் தேசபக்தர் சாசுவதத் திட்டத்தை வாயாரப் புகழ்ந்தவர் என்பது மட்டும் எங்கும் இருக்காது. வரியை ஒரே அளவில் நிறுத்தியதால்தான் வங்காளத்தில் பணம் தங்கியது, பஞ்சத்தின் கொடுமை குறைந்தது, மற்ற மாகாணங்களிலும் சர்க்கார் கேட்கும் தொகைக்கு ஒரு வரம்பு வேண்டும் என்பது அவர் கட்சி. 1900-ல் கர்ஸான் பிரபுவுக்குப் பகிரங்கக் கடிதங்களே எழுதினார். கர்ஸானும் சும்மா இருக்கவில்லை. 1902 ஜனவரியில் சர்க்கார் தீர்மானமாகவே பதில் வந்தது. பையன் இரண்டு பக்கத்தையும் மனப்பாடம் செய்கிறான். இரண்டும் அவன் தலைக்குள் சண்டை போடாமல் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருக்கின்றன. நாளைக்கு இவன் கலெக்டராகி வறட்சி நிவாரண மனுவில் கையெழுத்துப் போடுவான். அந்த மனுவிலும் இரண்டு பக்கம் இருக்கும்.

தத்தர் சொன்னது சரியா? எனக்குச் சம்மதமில்லை. வங்காளத்தில் ஆரம்பத்தில் குத்தகை வருமானத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு சர்க்கார் எடுத்துக்கொண்டது என்று அவரே எழுதுகிறார். குறித்த நாளில் சூரியன் மறைவதற்குள் பணம் வந்து சேராவிட்டால் ஜமீன் ஏலத்துக்குப் போகும். ஏலத்தில் எடுத்த புதுப் பணக்காரன் குடியானவனை எப்படி நடத்தியிருப்பான்? தத்தருக்குத் தெரியாததல்ல. 1874-ல் வங்கக் குடியானவர்களைப் பற்றித் தனிப் புத்தகமே போட்டவர் அவர். ஆனால் 1902-ல் அவர் எழுதியது இங்கிலீஷ்காரனை ஜூரியாக வைத்து. அவர் பாரிஸ்டரும்கூட. கட்சிக்காரனுக்குப் பாதகமான சாட்சியை வக்கீல் கூண்டில் ஏற்றுவதில்லை. ஜமீன்தாரின் முகம் அந்தப் புத்தகத்தில் மங்கலாகவே இருக்கிறது. 1943-ல் அதே வங்காளத்தில் ஜனங்கள் லட்சக்கணக்கில் பட்டினியால் செத்தார்கள். யுத்தம், விலைவாசி என்று காரணங்கள் வேறு. ஆனாலும் சாசுவதத் திட்டம் அங்கே அப்போது அமலில்தான் இருந்தது. தத்தர் 1909-லேயே காலமாகிவிட்டார்.

படிக்க விரும்புகிறவர்கள் முதற்பாகத்திலிருந்து தொடங்கலாம். சென்னை மாகாணமும் மன்றோவும் வரும் அத்தியாயங்கள் நமக்குக் கிட்டத்தில் இருப்பவை. மன்றோ நிலைத்த தீர்வையைத்தான் நினைத்தார், பின்னால் வந்தவர்கள் கைவிட்டார்கள் என்று தத்தர் அங்கே வாதாடுகிறார். இரண்டாம் பாகத்தில் அட்டவணைகள் அதிகம், பொறுமை வேண்டும்.