காற்றில் விட்ட சொல்லும் பேழையில் வைத்த சொல்லும்

'இன்னார் எமக்கு அறிவித்தார்; அவருக்கு இன்னார் அறிவித்தார்' என்று தொடங்கும் வாசகங்களை ஓதி வளர்ந்தவர் நாம். ஹதீஸ் கலையில் சிறிது பழகிய எவருக்கும், வாய்மொழி என்பது எழுத்தறியாதவன் கைக்கொள்ளும் ஏழைக் கருவி என்ற எண்ணம் வாராது. சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார், கேட்டபோதும் சொன்னபோதும் அவருடைய நினைவு தெளிவாயிருந்ததா, சொல்வதனால் அவருக்கு ஆதாயம் ஏதேனும் உண்டா என்று துருவித் துருவி வினவிய பின்னரே ஒரு சொல்லை ஏற்பது நம் முன்னோர் வகுத்த முறை. அந்த அளவுகோலைக் கையிற்கொண்டு, நம் நாட்டோடும் மார்க்கத்தோடும் தொடர்பில்லாத ஒரு தொகுப்பை அளந்து பார்த்தால் என்ன என்று தோன்றியது. அளந்ததில் தொகுப்பின் குறைகளோடு நம் கோலின் குறையொன்றும் தெரிய வந்தது. அதனையும் மறைக்காமல் எழுதுகிறோம்.

நாம் எடுத்துக்கொண்டது 'பிரசேரோ வரலாற்றுக் காப்பகம்'. 'பிராசோ' என்றால் ஸ்பானிய மொழியில் கை. கையால் உழைப்பவன் பிரசேரோ. இரண்டாம் உலகப்போரின்போது தன் வயல்களில் ஆளில்லாமற் போன அமெரிக்கா, 1942 ஆகஸ்டு 4ஆம் நாள் மெக்சிகோவுடன் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டது. போர் முடிந்தது, உடன்படிக்கை முடியவில்லை. 1964 இறுதி வரை நீண்ட அத்திட்டத்தின் கீழ் ஏறத்தாழ 46 இலட்சம் ஒப்பந்தங்கள் எழுதப்பட்டன. ஒப்பந்தங்களின் தொகையே ஆட்களின் தொகையன்று. ஒருவரே பலமுறை போய் வந்ததுண்டு. இவ்விரண்டையும் குழப்பி எழுதுவோர் இன்றும் பலர் இருப்பதால் இதனைச் சொல்லிவைக்கிறோம்.

பருத்தி எடுத்தும் கிழங்கு அகழ்ந்தும் கீரை அறுத்தும் ஊர் திரும்பிய அம்மனிதர்கள் முதுமையடைந்த பின்னர், இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில், ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகமும் ஜார்ஜ் மேசன், பிரவுன், எல் பாசோவிலுள்ள டெக்சாஸ் ஆகிய பல்கலைக்கழகங்களும் ஒன்றுகூடி, அவர்களை நாடிச்சென்று ஒலிப்பதிவு செய்தன. பல நூறு பேருடைய குரல் அதில் இருக்கிறது.

தொகுப்பின் சிறப்பை முதலிற் சொல்லிவிடுவோம். ஒவ்வொரு பதிவுக்கும் கேட்டவர் பெயரும் சொன்னவர் பெயரும் இடமும் நாளும் குறிக்கப்பட்டிருக்கின்றன. அஃதாவது, இஸ்னாது காக்கப்பட்டிருக்கிறது. ஒருவரையொருவர் அறியாத பலர், வெவ்வேறு மாநிலத்திலிருந்து புறப்பட்டு வெவ்வேறு ஆண்டில் எல்லை கடந்தவர்கள், ஒரே செய்தியைச் சொல்கிறார்கள். ஆள் எடுக்கும் இடத்தில் உள்ளங்கையை விரித்துக் காட்டச் சொன்னார்களாம். காய்ப்பு இருந்தால் உழைப்பாளி, இல்லையேல் திரும்பிப் போகவேண்டியதுதான். எல்லையில் ஆடையைக் களையச் செய்து, டி.டி.டி. என்னும் பூச்சிமருந்துத் தூளை உடம்பின்மீது தூவினார்களாம். தம்முள் கூடிப் பேசி இட்டுக்கட்ட வழியில்லாத பலர் ஒன்றையே சொன்னால் அதனை 'முதவாத்திர்' என்போம். அதற்கு மேலும் சான்று வேண்டுவதில்லை. சான்றும் இருக்கிறது. லெனார்ட் நாடல் என்னும் புகைப்படக்காரர் 1956இல் டெக்சாசின் ஹிடால்கோ நிலையத்தில் எடுத்த படத்தில், முகமூடி அணிந்த ஒருவர் வரிசையில் நிற்கும் கூலியாளின் முகத்தில் அத்தூளைப் பீய்ச்சுகிறார். முகமூடி தூவுகிறவருக்கு மட்டுமே இருந்தது.

இனிக் குறைக்கு வருவோம். ஐம்பது ஆண்டுகள் கழித்துக் கேட்கப்பட்ட சொல் இது. முதுமையில் நினைவு கலங்கிய அறிவிப்பாளரை 'முஃக்தலித்' என்று குறித்து, அவர் கலங்குமுன் சொன்னதை வேறாகவும் கலங்கியபின் சொன்னதை வேறாகவும் பிரித்தார்கள் நம் அறிஞர்கள். இங்கே அவ்வாறு பிரிக்க வழியில்லை; முன் சொன்னதை யாரும் கேட்டு வைக்கவில்லை. எர்னஸ்தோ கலார்சா என்னும் அறிஞர் திட்டம் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே கொட்டகை கொட்டகையாகச் சென்று கூலியாட்களைக் கேட்டு, 1956இல் அறிக்கை வெளியிட்டார். நாடலின் படங்களுக்கும் தூண்டுகோல் அதுவே. காப்பகத்தைக் கேட்போர் கலார்சாவையும் அருகில் வைத்துக்கொள்வது நலம்.

நினைவுக் குறையினும் நம்மை வருத்தியது, கேள்வியின் குறை. குரல்கள் பெரும்பாலும் ஸ்பானிய மொழியில் இருக்க, அவற்றின் சுருக்கம் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கிறது. பத்துச் சுருக்கங்களைப் படித்தவர் பதினோராவதைப் படிக்காமலே எழுதிவிடலாம். பிறந்த ஊர், உடன்பிறந்தார் தொகை, ஆள் எடுத்த இடம், செய்த வேலை, உண்ட உணவு, அனுப்பிய பணம் என்று ஒரே வாய்க்காலில் ஓடி, இறுதியிற் பலவற்றில் ஒரு குறிப்பு வந்து நிற்கிறது: பிரசேரோ என்ற பெயர் தமக்குப் பெருமை தருவதாகச் சொன்னார் என்று. அப்பெயர் உங்களுக்கு எத்தகைய உணர்வைத் தருகிறது என்று கேட்டால், வீடு தேடி வந்த விருந்தினர் முன் ஒரு முதியவர் வேறென்ன சொல்வார்? தம் வாழ்நாளின் வலிமை மிக்க ஆண்டுகளை அவமானம் என்று ஒப்புக்கொள்ள எவருக்கு மனம் வரும்? பெருமை என்று அவர் சொன்னது பொய்யென்று நாம் சொல்லவில்லை. ஆயினும், கையை விரித்துக் காட்டிய அரைமணி நேரப் பேச்சையும் இந்த ஒற்றைச் சொல்லையும் ஒரே தட்டில் வைத்துச் சுருக்கம் எழுதுவது நடுநிலையாகத் தோன்றினும் நடுநிலையன்று. முதலாவது அவர் கண்டது. இரண்டாவது நாம் கேட்டு வாங்கியது.

இதற்கு நேர்மாறான ஒன்றை வாஷிங்டன் மாநிலத்தில் காண்கிறோம். யாக்கிமா பள்ளத்தாக்கில் கிரேஞ்சர் என்பது ஆப்பிளும் ஹாப்ஸ் கொடியும் விளையும் சிற்றூர். 1979 டிசம்பரில் அங்கே வயற்கூலிகளுக்கென்று ஸ்பானிய மொழியில் ஒரு சமுதாய வானொலி தொடங்கிற்று. அதன் பெயர் கே.டி.என்.ஏ. எழுத்துகளைச் சேர்த்து வாசித்தால் 'கதேனா'. சங்கிலி என்று பொருள். நம்மவர்க்குச் சொல்வதானால் 'சில்சிலா'. பெயர்ப் பொருத்தத்தைக் கண்டு நாம் சற்றே மகிழ்ந்தோம் என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

அந்நிலையத்தின் மேலாளராய் இருந்தவர் ரோசா ரமோன் என்னும் பெண்மணி. பெண்கள் நிகழ்ச்சி நடத்தவும் கருவிகளை இயக்கவும் அங்கே பயிற்றப்பட்டார்கள். வயலில் தெளிக்கும் நஞ்சு, கூலிக் கணக்கு, மருத்துவமனைக்கு வழி, வீட்டில் கணவன் கைநீட்டும் கொடுமை ஆகியவற்றை அன்றன்றைக்குப் பேசினார்கள். குடியேற்றக் காவலர் பள்ளத்தாக்கில் நுழைந்த செய்தி வந்தால் அதனை வெளிப்படையாக அறிவிக்க இயலாது; அக்காவலரைப் பற்றிய பாட்டொன்றை ஒலிபரப்புவார்கள். அறிய வேண்டியவர் அறிந்துகொள்வர். அரசுக்கு எதிரான ஒரு சொல்லும் அதில் இராது. அடுத்த ஆண்டு, 1980 ஜூலை 4ஆம் நாள், கலிபோர்னியாவின் பிரெஸ்னோவில் 'ரேடியோ பிலிங்குவே' தொடங்கிற்று. நிறுவியவர் ஹூகோ மொராலெஸ். மிஸ்தெக்கோ என்னும் தொல்குடியிற் பிறந்து, வயலிற் பாடுபட்டு, ஹார்வர்டில் சட்டம் பயின்றவர். ஸ்பானியமும் தெரியாத மிஸ்தெக்கோ கூலிகளுக்கு அவர்தம் தாய்மொழியிலேயே அந்நிலையம் பின்னர் ஒரு நிகழ்ச்சியை ஏற்படுத்தியது. எல்லைக்கு இப்பாலிருப்பவர் அப்பாலிருக்கும் தாய்க்கு அதில் ஸலாம் சொல்லலாம்.

வானொலியில் சொல் சூடாக இருக்கிறது. ஆனால் காற்றோடு போய்விடுகிறது. மோனிகா டி லா டோரே 2022இல் கே.டி.என்.ஏ. பெண்களைப் பற்றி நல்லதொரு நூல் எழுதினார். அதற்கு அவர் பெரிதும் நம்பியது அப்பெண்களை நேரிற் கண்டு கேட்ட செய்திகளையும் அவர்கள் வைத்திருந்த புகைப்படங்களையும்தான். பேசியே வாழ்ந்த ஒரு நிலையத்தின் வரலாற்றை மௌனமான படங்களைக் கொண்டு எழுத வேண்டியிருந்தது.

இங்கேதான் நம் கோலின் குறை தெரிந்தது. வானொலியில் பேசியவருள் பலர் பெயர் சொல்லார்; சொன்னால் மறுநாள் நாடு கடத்தப்படுவார். காப்பகமோ பெயரில்லாத குரலை ஏற்காது. நம் கலையும் அப்படியே: யாரென்று அறியப்படாத அறிவிப்பாளர் 'மஜ்ஹூல்', அவர் சொல் ஏற்கப்படாது. இவ்விதியை இங்கே நாட்டினால், ஒப்பந்தத்தோடு போனவன் பேசலாம். ஒப்பந்தமில்லாமல் ஆற்றை நீந்திக் கடந்தவன் பேசலாகாது என்று முடியும். துன்பம் மிகுந்தவனே சாட்சியாக மாட்டான். இது நீதியா? பல நாள் இதனை மனத்திலிட்டுப் புரட்டினோம். இமாம் ஷாஃபிஈ சில இடங்களில் பெயர் குறிக்காமல், 'நம்பத்தக்கவர் ஒருவர் எமக்கு அறிவித்தார்' என்று கூறியிருப்பது நினைவுக்கு வந்தது. அதனை ஏற்பதா என்பதில் பின்வந்தோர் கருத்து வேறுபட்டனர். ஆயினும் ஒன்று தெளிவு: கேட்போருக்கு மறைந்தவர் தொகுப்பவருக்கு மறைந்தவரல்லர். பெயரைத் தொகுப்பவர் அமானிதமாக வைத்துக்கொண்டு, அதற்குத் தாமே பொறுப்பேற்க வேண்டும். அந்தப் பொறுப்பை ஏற்கத் துணிந்தவரே இத்தொழிலுக்கு உரியவர் என்பது நம் கருத்து. இதனை முழுமையான விடையென்று நாம் சொல்லவில்லை.

பெயரை மறைப்பது வேறு, பெயரில்லாமற் செய்வது வேறு. 1948 ஜனவரி 28ஆம் நாள் கலிபோர்னியாவின் லாஸ் கேட்டோஸ் பள்ளத்தில் ஒரு விமானம் வீழ்ந்தது. திருப்பி அனுப்பப்பட்ட மெக்சிகோ மக்கள் 28 பேரும் வேறு நால்வரும் மாண்டனர். நால்வர் பெயரும் செய்திகளில் வந்தன. 28 பேரும் நாடு கடத்தப்பட்டோர் என்ற ஒரே சொல்லில் அடங்கினர். பிரெஸ்னோவில் ஒரே குழியில் புதைக்கப்பட்டனர். வுடி கத்ரி என்னும் பாடகர் இதனை அறிந்து வருந்திப் பாடல் எழுதினார். டிம் ஹெர்னாண்டஸ் என்னும் எழுத்தாளரும் பிறரும் ஏடுகளைத் துருவியும் உறவினரைத் தேடியும் பெயர்களைத் திரட்டி, 2013இல் அவற்றைக் கல்லிற் பொறிக்கச் செய்தனர். இடையில் 65 ஆண்டுகள்.

தாளுக்கும் நாவுக்கும் இடையிலான வழக்கில் நாவு தோற்றதற்கும் இவ்வரலாற்றிலேயே சான்றுண்டு. 1942 முதல் 1949 வரை பிரசேரோக்களின் கூலியில் நூற்றுக்குப் பத்துப் பங்கு சேமிப்பென்று பிடிக்கப்பட்டு மெக்சிகோவின் வங்கிகளுக்கு அனுப்பப்பட்டது. பெரும்பாலோர் அதனைக் கண்ணாற் கண்டதில்லை. முதுமையில் போராடி வழக்காடிய பின்னர், 2005இல் மெக்சிகோ அரசு ஆளுக்கு 38,000 பெசோ தருவதற்கு ஒரு நிதியை ஏற்படுத்தியது. ஆனால், மூல ஒப்பந்தச் சீட்டைக் காட்டவேண்டும். உழைத்த ஊரையும் முதலாளியையும் கொட்டகையின் கதவையும் ஒப்பிக்கத் தெரிந்தவர், சீட்டைக் கரையானுக்குக் கொடுத்திருந்தால், வெறுங்கையோடு திரும்பினார். வாய்மொழி வரலாற்றாளர் தம் பெட்டிகளில் இத்தனை குரல்களைச் சேர்த்தும், ஒரு குரலையேனும் சீட்டுக்கு ஈடாக ஏற்கச்செய்ய முடிந்ததா?

இன்னொரு குறையையும் சொல்லவேண்டும். போனவரைக் கேட்ட அளவுக்கு, வீட்டிலிருந்தவரைக் கேட்கவில்லை. மனைவியரிடம் எடுத்த பதிவுகள் சில உண்டு; தொகையிற் குறைவு. ஆனா எலிசபெத் ரோசாஸ் 2014இல் எழுதிய நூல் இக்குறையைப் பெரிதும் ஈடுசெய்கிறது. எல்லையின் இருபுறமும் பிரிந்து வாழ்ந்த குடும்பங்களைப் பற்றியது அது.

சபராளிகளின் வீடுகளில் வளர்ந்த நமக்கு அந்நூல் அந்நியமாகத் தோன்றவில்லை. நம் வாப்பா சவூதியில் இருந்த நாளில் கடிதத்துக்குப் பதிலாக ஒலிநாடா வரும். ஊருக்கு வருகிறவர் கையிற் கொடுத்தனுப்புவார். வீட்டார் அனைவரும் கூடி அமர்ந்து கேட்போம். அது முடிந்ததும், புதுநாடா வாங்குவது வீண்செலவென்று, அதே நாடாவில் அதே பக்கத்தில் மறுமொழி பதிவாகும். நன்னா முதலில், பிறகு நன்னி, பிறகு பிள்ளைகள். உம்மா கடைசியில். மாமனாரும் மாமியாரும் அருகிலிருக்க உம்மா சொல்வதெல்லாம், "இங்கே எல்லாரும் சுகம். நீங்க உடம்பைப் பாத்துக்குங்க" என்பதே. வாப்பா ஊர் வந்து நிலைத்தபின் பெட்டியில் எஞ்சிய நாடாக்கள் மூன்று. அண்மையில் ஒரு மாணவரைக்கொண்டு அவற்றை ஓடவிட்டுக் கேட்டோம். மூன்றிலும் இருப்பவை நாம் அனுப்பிய மறுமொழிகளே. ஊர் வந்தபோது வாப்பா உடன் கொண்டுவந்தவை. அவருடைய குரலின்மேல்தான் அவற்றைப் பதிவு செய்திருந்தோம். மூன்றிலும் உம்மா சுகம் என்று சொல்கிறார்கள்.